எட்டு அங்குலத்துக்கு மேல்

“முன்வரிசைச் செடிகளை மட்டும் வெட்டி விட்டுடுங்க மேடம். நானும் புகாரை மூடிட்டுப் போயிடறேன்” என்றார் நகராட்சி ஆய்வாளர்.

“வெட்ட மாட்டேன். விசாரணைக்கு எழுதிடுங்க” என்றாள் ஆர்லீன்.

வாசற்படியில் நின்ற லெஸ்டர் மனைவியை முறைத்தான். மனிதர் தாமாகவே ஒரு வழி சொல்கிறார். அதையும் வேண்டாம் என்கிறாள்.

வீட்டு முன்புறம் புல்தரை இருந்த இடத்தில் இப்போது ஆழமில்லாத ஒரு பள்ளம். மழைத் தோட்டம் என்று அதற்குப் பெயர். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர் சாக்கடைக்குப் போகாமல் அதில் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் போய்விடும். அதற்காக நட்ட கோரையும் ஐரிஸ் பூச்செடியும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. செலவில் பாதியை நகர நீர்த்துறையே மானியமாகத் தந்திருந்தது. அதே நகரத்தின் இன்னொரு துறைக்கோ, எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததெல்லாம் களை. யாரோ போனில் புகார் செய்திருந்தார்கள். பெயர் சொல்லவில்லை.

ஆய்வாளர் போனதும் லெஸ்டர் கேட்டான். “தோத்தா என்ன ஆகும்?”

“எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுவாங்க. அபராதமும் போடுவாங்க.”

“தெரிஞ்சுதான் பேசறியா?”

“தோக்க மாட்டேன்.”

புகார் செய்தது யார் என்பதில் லெஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு வெர்னன். புல்லை மேசைவிரிப்பு மாதிரி வைத்திருப்பவர். இயந்திரம் விட்டுவைத்த ஓரங்களை மண்டியிட்டுக் கத்திரிக்கோலால் நறுக்குபவர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவலுக்குத் தெருவே மதுக்கடையில் கூடும். அன்று லெஸ்டர் தன் பக்கத்து நாற்காலியில் கோட்டைக் கழற்றிப் போட்டான். தட்டோடு வந்த வெர்னன் கோட்டைப் பார்த்தார். லெஸ்டரைப் பார்த்தார். கதவோரம் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

மேசையில் இருந்தவர்கள் ஆர்லீனுக்காக வருத்தப்பட்டார்கள். தாங்கள் தப்பித்தோம் என்ற நிம்மதியும் அந்த வருத்தத்தில் கலந்திருந்தது. கனமழை பெய்தால் அந்தத் தெருவில் எல்லார் வீட்டு நிலவறையிலும் சாக்கடை எதிர்த்துக்கொண்டு ஏறும். நீர்த்துறை வீடு வீடாக வந்து மானியம் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தது. நோட்டீஸ் வருமே என்று பயந்து, ஆர்லீனைத் தவிர யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. ஒற்றைப் பள்ளம் ஒரு தெரு மழைக்கு எந்த மூலைக்கு? போன மாதம் ஆர்லீனின் நிலவறையிலும் முழங்கால் தண்ணீர்.

“நல்லவேளை நாங்க தோண்டலை” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“விசாரணை முடியட்டும். தோண்டுவீங்க” என்றாள் ஆர்லீன், மீனில் எலுமிச்சையைப் பிழிந்தபடி.

வீடு திரும்பும்போது லெஸ்டர் வழி முழுக்க வெர்னனை வைதுகொண்டே வந்தான். கத்திரிக்கோலையும் விட்டுவைக்கவில்லை.

“அவரைத் திட்டாதே” என்றாள் ஆர்லீன்.

“உனக்குத் தாராள மனசு. எனக்கு இல்லை.”

விசாரணை நாளன்று ஆர்லீன் சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டாள். லெஸ்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

விதி விதிதான், அளவு அளவுதான் என்றார் நகராட்சி வக்கீல். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்லீன் செடி செடியாகப் பெயர் சொன்னாள். மேலே வளர்ந்தால்தான் கீழே வேர் ஓடும், வேர் ஓடினால்தான் தண்ணீர் இறங்கும், வெட்டிவிட்டால் தண்ணீர் நின்று கொசுதான் வளரும் என்று விளக்கினாள். குரல் ஒரு இடத்திலும் இறங்கவில்லை.

“நட்டா மானியம், வளர்ந்தா அபராதம்” என்று முடித்தாள். “நகரம் முதல்ல தனக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் என் கோரை அது பாட்டுக்கு வளர்ந்துட்டு இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். விசாரணை அதிகாரியம்மாள் சிரிக்கவில்லை. ஆர்லீனின் வீட்டைப் பொறுத்தவரை புகாரைத் தள்ளுபடி செய்கிறேன் என்றார்.

லெஸ்டர் எழுந்தே விட்டான். ஆர்லீன் எழவில்லை.

“என் வீட்டைப் பொறுத்தவரைன்னு எழுதாதீங்க. எனக்கு மட்டும்னா எனக்கு வேண்டாம்.”

லெஸ்டர் மறுபடி உட்கார்ந்தான். கையில் விழுந்ததைத் தட்டிவிடுகிறாள். அதிகாரியம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எழுதியதை அடித்தார். நீர்த்துறை அனுமதித்த மழைத் தோட்டம் எதையும், இந்த நகரத்தில் எந்த வீட்டிலும், உயர விதி கட்டுப்படுத்தாது என்று புதிதாக எழுதி, சத்தமாகப் படித்தார்.

வெளியே படிக்கட்டில் வெர்னன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். லெஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நான் புகார் பண்ணலை ஆர்லீன். சத்தியமா இல்லை” என்றார் அவர். “என் நிலவறையிலயும்தான் சாக்கடை ஏறுது. உங்களை மாதிரி தோண்டணும்னு எனக்கும் ஆசைதான். பயம்.”

“தெரியும் வெர்னன். நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“நீங்க எதுக்கு?”

ஆர்லீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

“தெருவுல எல்லாரும் தைரியமாத் தோண்டறதுக்கு ஒரு உத்தரவு குடுங்கன்னு ரெண்டு துறைக்கும் நடையா நடந்தேன். புகார்னு ஒண்ணு வந்தாத்தான் விசாரிக்க முடியும்னு சொல்லிட்டாங்க. அதான், என் தோட்டத்து மேல நானே போன் பண்ணிப் புகார் குடுத்தேன்.”