வெர்னாவின் எலுமிச்சைக் கேக்

"இது என்னம்மா?"

வெர்னா அந்தப் பெட்டியை ஒற்றை விரலால் தொட்டாள். பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் விலைச் சீட்டு கூடக் கிழிக்கப்படவில்லை.

"பிஸ்கட், வெர்னாம்மா," என்றாள் ஷெல்பி.

"அது தெரியுது. கடையில வாங்கினதான்னு கேக்கறேன்."

ஷெல்பி தலையாட்டினாள். கண் இரண்டும் வீங்கி, நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தாள். சபைக்கு வரத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. வெளியூரில் ஏதோ வேலையாம்.

தேவாலயத்தின் கீழ்த்தள ஹாலில் ஈஸ்டர் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். இனிப்பு மேஜைக்குப் பதினெட்டு வருஷமாக வெர்னாதான் பொறுப்பு. 'வீட்டிலேயே சுலபமாகச் செய்யலாம்' என்று ஏழு இனிப்புகளுக்குச் செய்முறை எழுதி, ஒரு மாதம் முன்பே எல்லார் கையிலும் திணித்திருந்தாள். கடைசி வரி: கடைச் சரக்கு வேண்டாம். அதற்கு அடியில் இரண்டு கோடு.

"என் எலுமிச்சைக் கேக்கையே எடுத்துக்கோயேன். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, எலுமிச்சம்பழம். அஞ்சே சாமான், அரை மணி நேர வேலை. வருஷத்துல ஒரு நாள் ஆண்டவருக்காக அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?"

"நேரமே கிடைக்கல, வெர்னாம்மா. மன்னிச்சிடுங்க."

"உன் வயசுல நான் மூணு பிள்ளைங்களையும் இருபது மாட்டையும் பார்த்துக்கிட்டு இதையும் செஞ்சேன்."

"விடு வெர்னா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அடுப்பு எதுக்கு இருக்குன்னே தெரியாது," என்றாள் பக்கத்தில் நின்ற ஆர்டிஸ்.

ஆர்டிஸின் கேரட் கேக்கும் ஊரில் பேர் போனதுதான். இருவரும் நாற்பது வருஷத்துச் சிநேகிதிகள். யார் தட்டு முதலில் காலியாகிறது என்று நாற்பது வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

பிஸ்கட் பெட்டி சமையலறைக்குப் போயிற்று.

"சும்மா நிக்காதே. ஆளு பேரும் பதார்த்தப் பேரும் எழுதின இந்த அட்டைங்களையாவது அந்தந்தத் தட்டுக்கு முன்னால வை. தட்டுக்கு அடியில பேர் ஒட்டியிருக்கும், தூக்கிப் பாரு," என்று ஷெல்பியிடம் நீட்டினாள் வெர்னா.

எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே கண்ணாடித் தட்டுதான், வரிசையாக, அலுமினியத் தாள் மூடி. ஷெல்பி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து அட்டை வைத்தாள்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெர்னா எலுமிச்சைக் கேக் செய்து மூன்று வருஷமாகிறது. தோள்பட்டை மக்கர் பண்ணுகிறது. அதை வெளியில் சொன்னால் மேஜைப் பொறுப்பு ஆர்டிஸ் கைக்குப் போய்விடும். அதைவிட வெர்னாவின் உயிரே போகலாம்.

அதனால் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தன் தட்டை எடுத்துப்போய், முப்பது மைல் தள்ளியிருக்கும் ஒரு பேக்கரியின் பின்வாசலில் கொடுத்துவிடுவாள். முதலாளி அதே தட்டில் கேக்கைச் சுடச் செய்து, மேலே தாளை இறுக்கி மூடித் தருவார். வாங்கிவந்து அப்படியே மேஜையில் வைக்க வேண்டியதுதான். ஈ காக்காய்க்குத் தெரியாது.

போதகர் ஜெபத்தை முடித்தார். பெண்கள் அவரவர் தட்டின் தாளை விலக்கினார்கள்.

வெர்னாவும் விலக்கினாள். அவள் தட்டில் கேரட் கேக் இருந்தது.

மெல்லப் பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். ஆர்டிஸின் தட்டில் மஞ்சள் மசேலென்று எலுமிச்சைக் கேக். ஆர்டிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

அடிப்பாவி, நீயுமா?

"என்ன வெர்னா, எலுமிச்சைன்னு அட்டை சொல்லுது, தட்டு வேற சொல்லுதே?" போதகர் கரண்டியோடு நின்றார். "இதுக்காகத்தானே இன்னிக்குப் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிச்சேன்."

வரிசையில் நின்ற ஐம்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷத்து மானம், ஒரு கேரட் துருவலில் போகப் போகிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷெல்பி வந்தாள்.

"ஐயோ, நான்தான் அட்டையை மாத்தி வெச்சிட்டேன். தூக்கக் கலக்கம், மன்னிச்சிடுங்க." இரண்டு அட்டைகளையும் எடுத்து இடம் மாற்றி வைத்தாள்.

"பார்த்து வைக்கக் கூடாதா?" என்றாள் ஆர்டிஸ் அவசரமாக.

வெர்னாவும் ஆர்டிஸும் இடம் மாறி நின்றுகொண்டார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

போதகர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "மினசோட்டா மாநிலம் முழுக்கத் தேடினாலும் இந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது வெர்னா."

வெர்னா அசட்டுச் சிரிப்பு சிரித்தாள். வரிசை நகர்ந்ததும் சமையலறைக்கு ஓடினாள். ஷெல்பி ஒரு நாற்காலியில் சாய்ந்து கண் அசந்திருந்தாள். வெர்னா கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா, அட்டையை நீ சரியாத்தானே வெச்சிருந்தே?"

"ஆமாம், வெர்னாம்மா."

"அப்புறம் எதுக்கு உன் மேல பழியைப் போட்டுக்கிட்டே? அதுவும் நான் அத்தனை பேச்சுப் பேசினதுக்கு அப்புறம்?"

"தப்பு என்னோடதுதானே. அந்தப் பேக்கரியில உள்ள நின்னு சுடறது நான்தான். உங்க தட்டுல ஆர்டிஸம்மா கேக்கையும், அவங்க தட்டுல உங்க கேக்கையும் மாத்திச் சுட்டுட்டேன்."

வெர்னா பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க வெர்னாம்மா," என்றாள் ஷெல்பி. "அந்த மேஜையில இருக்கிற பதினோரு தட்டையும் செஞ்சு முடிச்சதுக்கு அப்புறம், எனக்குன்னு ஒண்ணு செய்யக் கை எழும்பல."