நிலுவையில் ஒன்று

"அந்த ஒரு மெஷினை மட்டும் தொடாதே!"

அப்பா போட்ட சத்தத்தில் மகள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வாசலில் லாரி நின்றது. முக்கால்வாசி சாமான் ஏறியாகிவிட்டது. உள்ளறையில் அம்மாவின் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இந்தப் பழைய கம்ப்யூட்டரும், அதைக் கட்டிக்கொண்டு அழும் அப்பாவும்தான்.

"சாயந்தரத்துக்குள்ள வீட்டுச் சாவியைக் கொடுத்தாகணும்ப்பா. ஆஃப் பண்ணாம இதை எப்படித் தூக்குறது?"

"பேட்டரியோட தூக்கிட்டுப் போனா?"

"பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். எங்க வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, படுத்த படுக்கையாக இருந்த அம்மா போனதிலிருந்து, எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது. மெஷின் ஓடுகிறது, கரண்ட் போனால் யார் பார்ப்பது என்று அவருக்கு ஒரே பாட்டு. பேத்தி பிறந்தபோதுகூட வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே ஓடிவிட்டார். இங்கே அவருக்காக யார் காத்திருந்தார்கள்? சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவ்வளவுதான் அவர் குடும்பம்.

"அப்படி என்னதான் ஓடுது இதுல?"

திரையைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினாள். அவளுக்கும் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. அப்பாவிடம் குட்டு வாங்கிக் கற்றது.

"ஒரு குட்டி புரோகிராம். அதுக்கு வர்ற சிக்னலை பிளாக் பண்ணியிருக்கீங்க. உள்ளே விடாம நிலுவையில ஒண்ணு நிக்குது. மெஷினை ஆஃப் பண்ணா அதுவும் அழிஞ்சுடும், அவ்வளவுதானே?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்பிளாக் பண்ண மறந்துட்டீங்களா? நீங்களா? 'வேலை நடுவுல தொந்தரவு வேண்டாம்னு கதவைச் சாத்துறது தப்பில்லை, முடிஞ்சதும் திறக்காம விடுறதுதான் தப்பு'ன்னு என்னைத் திட்டினது யாராம்?"

"மறக்கலை" என்றார் அப்பா.

லாரிக்காரர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மேடம், கட்டில் கால்ல ஒரு ஒயர் சுத்தியிருக்கு. அறுத்துடவா?"

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று அப்பா அவசரமாகச் சொன்னார். பிறகு மகளிடம், "இதைத் திறந்துவிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"என்னைக் கேக்குறீங்களா? சிக்னல் போய்ச் சேரும். அதோட தீர்ந்தது."

"தீர்ந்துடும், இல்லை?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சாத்தியிருந்த நேரத்துல அதே சிக்னல் பத்து தடவை வந்திருந்தா?"

"அப்பவும் ஒண்ணுதான் நிக்கும். பத்து வந்ததா, நூறு வந்ததான்னு அது எண்ணி வைக்காது. இதுவும் நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

"தெரியும். நீ புதுசா வேற வழி ஏதாவது கத்துக்கிட்டிருப்பியோன்னு கேட்டேன்."

"எத்தனை வந்தா என்னப்பா, இனிமே?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆள் ரொம்பவும் இளைத்துப்போயிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் போய்விட்டது. பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"உங்களை இங்க தனியா விட்டுட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரலைப்பா. அம்மா தூக்கத்துலயே, ஒரு சத்தமும் இல்லாமப் போயிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுமாதிரி உங்களுக்கு ஒண்ணு ஆனா? அம்மாவுக்காவது பக்கத்து அறையில நீங்க இருந்தீங்க."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. திரையில் ஒரு வரி வந்தது: 'கட்டில் மணி. கூப்பிடுகிறாள்.'

"உங்கம்மா சத்தமில்லாமப் போகலைம்மா. ஒரு மணி நேரம் முக்கியமான வேலை இருக்குன்னு நான்தான் அன்னிக்கு இதைச் சாத்தி வச்சிருந்தேன்" என்றார் அப்பா. "இதோ, வந்துட்டேன்" என்றபடி எழுந்து, உள்ளறையில் பாதி கழற்றிக் கிடந்த அந்தக் கட்டிலை நோக்கி ஓடினார்.