மஞ்சள் ரெயின்கோட்

“அஃப்ஷீன், இன்னிக்கும் எனக்கு ஓவர்டைம். சரணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிகினு வந்துடுறியா?” பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டாள் அருள்மொழி.

“இனிமே முடியாதுக்கா.”

“இன்னாடி, கோவமா?”

அஃப்ஷீன் கைப்பேசியை நீட்டினாள். கொட்டும் மழையில் பர்தா அணிந்த ஒருத்தி ஒரு பையனை இழுத்துக்கொண்டு ஓடும் படம். முகங்கள் தெரியவில்லை. கீழே, ‘ஆவடியில் பிள்ளை பிடிக்கிறவள்.’

“நான்தான் தெரு குரூப்புல போட்டேன். எல்லாரும் உஷாரா இருக்கட்டும்னு,” என்றாள் அருள்மொழி.

“நெஜமான்னு பாத்தியாக்கா?”

“இத்தினி பேர் அனுப்புறாங்க, பொய்யாவா இருக்கும்?”

“அந்தப் பையனோட ரெயின்கோட்டைப் பாருக்கா.”

மஞ்சள் ரெயின்கோட். முதுகில், கிழிசலை மறைக்க அருள்மொழியே மகனுக்கு ஒட்டிக்கொடுத்த நீலத் துண்டு.

அருள்மொழியால் நிமிர முடியவில்லை. அந்த மழை நாளிலும் அவளுக்கு ஓவர்டைம்தான்.