நாலாம் மறைவிடத்து இருமல்

"வேணும்னுதானே இருமுனே?"

நாலாம் மறைவிடத்துக்கு வந்த வேட்டைக் குழுவின் தலைவி தூர்டிஸ், தம்பி மகளை முறைத்தாள். தம்பி ஹல்வார் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தான்.

வேட்டை பழக இந்த வருடம்தான் அப்பாவோடு வருகிறாள் பதினோரு வயது யோருன். மூன்று நாளில் மூன்று எல்க் மான்கள் ஹல்வாரின் துப்பாக்கிக்கு நேரே வந்து நின்றன. மூன்றும் இவள் இருமியதும் ஓடிவிட்டன.

"சளி அத்தை."

"மான் வந்தா மட்டும் வர்ற சளியா? தட்டுல மான்கறி வைக்கிறப்ப இந்த இரக்கம் எங்கடி போச்சு? இந்தா இருமல் மிட்டாய், வாயில போடு. நானும் இங்கயே உக்காரப் போறேன்."

யோருன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

"மானுக்காக இல்ல அத்தை, அப்பாவுக்காக. அப்பாவுக்குக் கை நடுங்குது. வேட்டைக்கு முன்னாடி வருஷா வருஷம் வைக்கிற சுடுற பரீட்சையில இந்தத் தடவை ஃபெயில். பேப்பர் கார்ல கிடந்துச்சு. துப்பாக்கில குண்டே போடல. மான் நின்னுட்டா ஏன் சுடலைன்னு எல்லாரும் கேப்பாங்கல்ல?"

தூர்டிஸுக்குச் சுருக்கென்றது. எல்லோருடைய தேர்ச்சிச் சீட்டையும் வாங்கிப் பார்த்தவள், தம்பிதானே என்று அவனிடம் மட்டும் கேட்கவில்லை.

ஹல்வார் திரும்பி வந்து உட்கார்ந்தான். உடனே வாக்கிடாக்கி கரகரத்தது. "நாலாம் நம்பர், உங்க பக்கம்தான் வருது!"

பெரிய கொம்புகளோடு மான் வெளியே வந்து நின்றது. ஹல்வார் துப்பாக்கியைத் தூக்கினான். குழல் நடுங்கியது. யோருன் கன்னத்தில் மிட்டாயை அடக்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள்.

காடே அதிரும்படி இருமினாள் தூர்டிஸ்.