கீழாநெல்லி இல்லை

காலை வெயில் பின்முற்றத்துச் சுவரில் பாதிதான் இறங்கியிருக்கிறது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து பேச்சிழந்துபோன தாவரவியல் வாத்தியார் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர் மனைவி ஈரமண்ணில் குந்தி, மழைக்கு முளைத்த களைகளைப் பிடுங்குகிறாள். பதில் வராது என்று தெரிந்தும் அவரோடு பேசுவதை அவள் நிறுத்தியதேயில்லை. "என்னங்க, இந்தத் தொட்டியில கீழாநெல்லி வந்திருக்கு பாருங்க," என்று தொட்டியோடு தூக்கி அவர் மடியருகே காட்டுகிறாள். அவருடைய இடக்கை மெல்ல நீண்டு, தளிரைப் புரட்டுகிறது. இலைக்கு அடியில் கோத்து வைத்தாற்போல் இருக்க வேண்டிய காய்கள் ஒன்றுகூட இல்லை. அவர் தலையை ஆட்டுகிறார். "அட, கீழாநெல்லிதாங்க. எனக்குத் தெரியாதா?" அவள் விரல்கள் தண்டைப் பிடித்து இழுக்கப் போகின்றன. அவர் முகம் சிவக்கிறது, தொண்டை கரகரக்கிறது. "பு... புளி." அவள் கை அப்படியே நிற்கிறது. "தினமும் கரைக்கிற புளியக்கூட எனக்குத் தெரியலையே!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வருகின்றன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரடியில் நிதானமாக ஊரும் மரவட்டையைக் காட்டி, இந்த முறை தெரிந்தே கேட்கிறாள்: "அப்ப இது? பூரான்தானே?" வாத்தியாரின் புருவம் கோபத்தில் நெரிகிறது. உதடுகள் மெல்லச் சேர்ந்து மூடுகின்றன, 'ம'வுக்காக.