ஸ்டுடியோ கோட்டு

"வேலைக்கா, மேல்படிப்புக்காம்மா?" என்று கேட்டார் போட்டோ ஸ்டுடியோ மரியதாஸ். பி.ஏ. வரலாறு முடித்த தமயந்திக்கு வீட்டிலும் இதே கேள்விதான்.

"ரெண்டுக்கும் ஆகுற மாதிரி எடுங்கண்ணே."

"அப்படி வராதும்மா. வேலைக்குன்னா கோட்டு போட்டு லேசா சிரிக்கணும். பி.எட்.டுக்குன்னா கோட்டும் வேணாம், சிரிப்பும் வேணாம்."

ஆணியில் தொங்கிய கோட்டுக்கு முதுகே இல்லை. யார் போட்டாலும் பொருந்தட்டும் என்று வெட்டி எடுத்திருந்தார். முன்பு போட்டவரின் வியர்வை இன்னும் காயவில்லை. ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

திரைக்கு வெளியே வகுப்புத் தோழி புனிதாவின் குரல் கேட்டது.

"அண்ணே, கோட்டு காலியா?"

மரியதாஸ் தமயந்தியைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கை இன்னும் வெளியேதான் இருந்தது.