சைரன் அக்காவின் பக்கத்து சீட்

எல்லாரும் சௌக்கியம்தானே? தொண்டை கட்டாமல் இருக்கிறதா? இது தொண்டை சம்பந்தப்பட்ட கதை, அதனால்தான் கேட்கிறேன். உங்கள் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர் யாரைப் பற்றியாவது கதை இருந்தால் எனக்கு எழுதுங்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், முடிவில் கேட்க வாய் வராது.

"கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்றான் மூணாம் மாடிக்காரன்.

சைரன் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து மேஜையில் வைத்தாள். "இப்படிச் சொன்னா எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது தம்பி. அடிவயித்துலேர்ந்து வரணும். எங்க, இன்னொரு தடவை திட்டு."

அவன் திட்டினான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

அக்கா அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருந்தாள். மைதானத்தில் அவள் போடுகிற கூச்சலுக்கு ஊர் வைத்த பெயர்தான் சைரன். அவன் பேன்ட்டின் நீளம் குறைக்க வந்தவன். குடிவந்து ஒரு மாதமாகியும் படிக்கட்டில் ஒருத்தரும் தன்னிடம் வாய் திறக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான்.

எப்படித் திறப்பார்கள்? அந்த ஊரில் பேச்சு என்றாலே கால்பந்துதான். தண்டவாளத்துக்குக் கிழக்கே சிவப்பு அணி, மேற்கே நீல அணி. பல் டாக்டர்கூட எந்த நிறம் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வார்.

பையன் பாவம் என்று அக்காவே பாடம் எடுக்க ஆரம்பித்தாள். கடை மூடும் நேரத்துக்கு அவன் இறங்கி வருவான். தோற்ற மறுநாள் லிஃப்டில் எப்படிப் பெருமூச்சு விடுவது, கோல்கீப்பரின் முழங்காலைப் பற்றி எந்த முகத்தோடு விசாரிப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, ரெஃப்ரியைத் திட்டத் தெரியவேண்டும்.

"சிவப்பும் நீலமும் ஒத்துப்போற ஒரே விஷயம் அதுதான். திட்டிட்டேன்னா நீ ஊர்க்காரன்."

"அவர் பாவம் இல்லையாக்கா?"

"அவன் என்ன நம்ம ஊரா?" என்றாள் அக்கா. உள்ளூர்க்காரன் விசில் ஊதினால் மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியாது. அதனால் எங்கிருந்தோதான் ஆள் கொண்டுவருவார்கள். அவனைத் திட்டினால் யாருக்கும் மனசு உறுத்தாது, அதுதான் வசதி.

அவன் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கப் போனான். அதற்கு அவசியமே இல்லை. கிட்டத்தில் அக்காவின் கண் கழுகுக் கண். தூரத்தில்தான் எதிர்க்கடைப் பலகைகூட அவளுக்கு வெறும் வண்ணக் கறை. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதாக அர்த்தமாம், போடமாட்டாள்.

அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவள் கேட்டதில்லை. காலையில் ஓடுகிறான், ஷூ தேய்கிறது, சனிக்கிழமையும் வேலை என்கிறான். கூரியர்தான் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

அக்காவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. மைதானத்தில் மேல் வரிசையில் அவளுக்கு ஜோடி சீட். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகும் இரண்டையும் விடாமல் வைத்திருந்தாள். மூன்று வருஷமாகப் பக்கத்து சீட்டில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

கிழக்கும் மேற்கும் மோதுகிற பெரிய ஆட்டம் வந்தது. வீட்டுக்காரரின் சிவப்புச் சட்டையைத் தோளில் பிடித்து, அவன் அளவுக்குத் தைத்து, டிக்கெட்டையும் பாக்கெட்டில் வைத்து நீட்டினாள்.

அவன் சட்டையைத் தடவிப் பார்த்தான். வாங்கவில்லை. "இது நான் போடக் கூடாதுக்கா."

கூச்சம் என்று நினைத்தாள். "சும்மா வா தம்பி. பக்கத்துல ஆள் இல்லாம ஆட்டம் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு."

"வரேன்க்கா," என்றான். "பக்கத்துல உக்கார முடியுமான்னுதான் தெரியல."

சனிக்கிழமை கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் சட்டையை மடித்து வைத்தாள். ஆட்டத்தைப் பார்த்ததைவிட ஏறிவரும் படியைத்தான் அதிகம் பார்த்தாள். பாதி ஆட்டம் முடிந்தது. அவன் வரவில்லை.

முடிகிற நேரத்தில் நீலத்துக்கு ஒரு பெனால்டி கொடுத்தார்கள். அரங்கமே எழுந்தது. அக்கா எழுந்த வேகத்தில் சட்டை கீழே விழுந்தது. காலி சீட்டின் ஆத்திரம் முழுவதையும் கூட்டி, தூரத்தில் தெரிந்த அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துக் கத்தினாள். "கண்ணு தெரியலையாடா உனக்கு?"

சுற்றியிருந்தவர்கள் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அக்கா சட்டையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினாள்.

நேரே மூணாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவன் நொண்டினான். ஒற்றை நாற்காலி போட்ட அறை, அதன் முன்னால் ஒரு வாளி வெந்நீர்.

"யாருக்கும் குடுக்காத சீட் தம்பி அது," என்றாள். குரல் உடைந்து பாதி காற்றாகத்தான் வந்தது. "நீ வந்திருந்தா என் தொண்டை கிழிஞ்சதையாவது கேட்டிருப்பே."

அவன் அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். குடிக்க ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"கேட்டுச்சுக்கா. நடுவுல விசிலோட நின்னவனுக்கு, அந்தக் கூட்டத்துல தெரிஞ்ச குரல் அது ஒண்ணுதானே."